ஜகாத் யாருக்கோ, நிலம் அவருக்கு: புரைமியும் ஃபஹூதும்

கேள்வி இது: "அரபு நாடுகளின் எல்லைகளை ஆங்கிலேயர் பென்சிலால் கிழித்துவிட்டுப் போனார்கள் என்று பல இடங்களில் படிக்கிறேன். அங்கே வாழ்ந்த குலங்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டன? அவர்களுடைய விசுவாசத்தைப் பணம் கொடுத்து வாங்கினார்களா? எண்ணெய் இல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சண்டைகளே வந்திருக்காதா?"

பென்சில் கதை பொய்யில்லை. 1922-ஆம் ஆண்டின் இறுதியில், அரேபியாவின் கிழக்குக் கரையில் உள்ள உகைர் என்ற சிறு துறைமுகத்தில் கூடாரம் அடித்து ஒரு மாநாடு நடந்தது. பாக்தாத்திலிருந்து பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் பெர்சி காக்ஸ் வந்தார். நடு அரேபியாவில் நஜ்தின் சுல்தானாக இருந்த, பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய இப்னு சவூத் வந்தார். ஈராக்கின் சார்பில் ஓர் அமைச்சர் வந்தார். குவைத்தின் சார்பில் பேசியவர் அங்கே பணியில் இருந்த பிரிட்டிஷ் பொலிட்டிகல் ஏஜென்ட் மேஜர் மோர். குவைத்தின் ஷேக் அந்தக் கூடாரத்தில் இல்லை. நாள் கணக்கில் பேசியும் முடிவு வராததால், காக்ஸ் பொறுமை இழந்து வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார் என்று உடனிருந்த ஹரால்ட் டிக்ஸன் எழுதி வைத்திருக்கிறார். 1913-இல் ஆங்கிலேயரும் உதுமானியரும் எழுதிய உடன்பாட்டில் குவைத்துக்கு ஒதுக்கியிருந்த நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கோட்டோடு இப்னு சவூதின் பக்கம் போய்விட்டது.

இந்தக் காட்சியை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்ததைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. 1922 மே மாதம், இன்றைய ஈரானில் உள்ள முஹம்மராவில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதில் முதலில் பிரித்தது நிலத்தை அல்ல, மனிதர்களை. முன்தஃபிக், தஃபீர், அமாராத் ஆகிய குலங்கள் ஈராக்கைச் சேர்ந்தவை. நஜ்தில் வாழும் ஷம்மர்கள் நஜ்தைச் சேர்ந்தவர்கள். இவர்களின் கிணறுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பார்த்து எல்லையைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று எழுதினார்கள். சில குலங்கள் தன்னுடையவை என்று இப்னு சவூத் அதை ஏற்க மறுத்தார். அதனால்தான் உகைர் மாநாடே கூடியது.

ஆகவே, குலங்களை மறந்துவிட்டுக் கோடு போட்டார்கள் என்பதை நான் ஏற்பதில்லை. குலங்களைக் கொண்டுதான் கோடு போட்டார்கள். யார் யாருக்கு விசுவாசம் என்ற கேள்வியை, எந்த மண் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியாக மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்கு எண்ணெய் என்ன செய்தது என்பதைச் சொல்ல, எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு இடங்களுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். ஒன்று அபுதாபியும் ஓமனும் சந்திக்கும் புரைமிச் சோலை. மற்றொன்று ஓமனின் உள்நாட்டில் உள்ள ஃபஹூத்.

அதற்கு முன், விசுவாசம் என்றால் அங்கே என்ன என்பதைத் தெளிவாக்க வேண்டும். பாலைவனத்தில் மேய்ச்சல் நிலம் மழையைப் பொறுத்தது. இந்த ஆண்டு மேகம் இங்கே பெய்யும், அடுத்த ஆண்டு நூறு மைல் தள்ளிப் பெய்யும். ஒட்டகம் வளர்க்கிறவன் மழையின் பின்னால் போவான். அவனிடம் போய் உன் நாட்டின் எல்லை எது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. எந்தக் கிணறு யாருடையது என்று கேட்டால் சொல்வான். யாருடைய பாதுகாப்பில் இருக்கிறாய் என்று கேட்டால் சொல்வான். ஜகாத் யாரிடம் கொடுக்கிறாய் என்று கேட்டாலும் சொல்வான்.

ஜகாத் மார்க்கக் கடமை. ஒட்டகத்திலும் ஆட்டிலும் பேரீச்சையிலும் ஒரு பங்கு. அதை வசூலிக்க ஆள் அனுப்பி, கொடுக்கிறவர்கள் மறுக்காமல் கொடுத்தால், அவர்களுக்கு நீ தலைவன். ஆனால் வசூலிக்கிறவனுக்கும் கடமை உண்டு. எதிரிக் குலம் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போனால் மீட்டுத் தர வேண்டும். வழக்கு வந்தால் தீர்க்க வேண்டும். வருகிறவனுக்கு விருந்தும், போகும்போது கையில் ஏதாவதும் கொடுத்தனுப்ப வேண்டும். இதில் ஒன்று தவறினால் அந்தக் குலம் அடுத்த ஆண்டு வேறொருவரிடம் போகும். அது துரோகம் இல்லை. தலைவன் தன் பங்கைச் செய்யவில்லை, ஆகவே ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான்.

ஒரே ஆண்டில் இரண்டு பேருக்கு ஜகாத் கொடுத்த குலங்களும் உண்டு. ஒருவர் பலமாக வந்து கேட்டார், மற்றவர் பழைய உறவு. இதை எந்த வரைபடத்தில் எந்த வண்ணத்தில் காட்டுவது?

வளைகுடாவின் இந்தக் கரையில் ஆதிக்கம் செலுத்திய பிரிட்டிஷாருக்கு நீண்ட காலம் நிலத்தின் வரைபடம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது கடல். 1820-இல் இன்றைய ஐக்கிய அரபு அமீரகப் பகுதியின் கரையோர ஷேக்குகளோடு பொது உடன்படிக்கை, 1853-இல் நிரந்தரக் கடல் அமைதி, 1892-இல் பிரிட்டனைத் தவிர வேறு எந்த நாட்டோடும் உறவு வைக்கமாட்டோம், நிலம் தரமாட்டோம் என்ற உறுதி. இவற்றை நடத்திவைத்தது லண்டன் என்பதைவிட இந்தியா என்பதே சரி. வளைகுடாவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் 1946 வரை பாரசீகக் கரையில் புஷஹரில் இருந்தார்; 1947 வரை இந்திய அரசாங்கத்துக்கே பதில் சொல்லிவந்தார். பொலிட்டிகல் ஏஜென்டுகள் இந்திய அரசியல் பணியிலிருந்து போனவர்கள். சந்தையில் புழங்கியது இந்திய ரூபாய். ஓமன் கடற்கரையை ஆண்ட மஸ்கட்டின் சுல்தான் சயீத் பின் தைமூர் படித்தது அஜ்மீரின் மேயோ கல்லூரியில். நம் வரலாற்றுப் புத்தகங்களில் இந்த அத்தியாயம் இல்லாதது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

எண்ணெய் வாசம் வந்ததும் கடிதங்கள் வாங்கினார்கள். குவைத்திடம் 1913-இல், பஹ்ரைனிடம் 1914-இல், கரையோர ஷேக்குகளிடம் 1922-இல், மஸ்கட்டிடம் 1923-இல். பிரிட்டிஷ் அரசின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் எண்ணெய் உரிமை தரமாட்டோம் என்பதே அந்தக் கடிதங்களின் சாரம். ஒரு சொட்டு எண்ணெய்கூட அங்கே கிடைக்காத காலத்தில் வாங்கிய கடிதங்கள் இவை.

இந்த வேலிக்கு வெளியே இருந்தவர் இப்னு சவூத். 1933 மே மாதம் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் கலிபோர்னியா அவரிடம் உரிமை பெற்றது. முதல் தவணையாக 35,000 தங்கப் பவுன். அந்த உரிமை நாட்டின் கிழக்குப் பகுதிக்கு. சவூதி அரேபியாவின் கிழக்கு எங்கே முடிகிறது? அதுவரை யாரும் அவசரமாகக் கேட்காத கேள்வி. இப்போது பணம் கட்டியவன் கேட்கிறான். 1913-இல் உதுமானியரோடு ஒப்புக்கொண்ட நீலக்கோடு என்று பிரிட்டன் சொன்னது. போய்விட்ட பேரரசு போட்ட கையெழுத்து என்னைக் கட்டாது என்றார் இப்னு சவூத். 1935-இல் இரு பக்கமும் ஆளுக்கொரு கோடு முன்வைத்தார்கள். ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உலகப்போர் வந்து எல்லாவற்றையும் ஒத்திப்போட்டது.

புரைமிக்கு வருகிறேன். இன்று அபுதாபியின் அல் ஐன் நகரும் ஓமனின் புரைமி நகரும் ஒட்டிக் கிடக்கும் அந்தச் சோலை, அப்போது ஒன்பது கிராமங்கள். ஆறு கிராமங்கள் அபுதாபி ஷேக்கைச் சேர்ந்தவை. அவருடைய தம்பி ஷேக் சாயித் 1946 முதல் அங்கே இருந்து நிர்வாகம் பார்த்தார். புரைமி, ஹமாஸா, ஸஅரா என்ற மூன்றில் நயீம் குலத்தார் இருந்தார்கள். அவர்கள் மஸ்கட் சுல்தானை ஏற்பதாகவும் சொன்னார்கள், ஏறத்தாழத் தங்கள் விருப்பப்படியும் நடந்துகொண்டார்கள். மலையடிவாரத்திலிருந்து ஃபலஜ் என்ற நிலத்தடி வாய்க்கால்கள் வழியே வரும் நீர், பேரீச்சைத் தோட்டங்கள், கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் போகும் பாதைகள் எல்லாம் கூடும் இடம். 1800 முதல் 1869 வரை சவூதிப் படைகள் அங்கே வருவதும் போவதுமாக இருந்தன. வந்த காலங்களில் ஜகாத் வசூலித்தார்கள். போனபின் கொடுப்பது நின்றது.

1949-இல், சவூதியில் எண்ணெய் எடுத்துவந்த அமெரிக்க நிறுவனமான அராம்கோவின் ஆய்வுக்குழு ஒன்று சவூதிக் காவலர்களோடு அபுதாபி தனது என்று கருதிய பகுதிக்குள் வந்தது. பேட்ரிக் ஸ்டோபர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி போய்த் தடுத்தார். அதே ஆண்டு சவூதி அரசு புரைமியையும் உள்ளடக்கிய பெரும் நிலப்பரப்பைக் கோரியது. 1952 ஆகஸ்ட் இறுதியில் துர்கி பின் உதைஷான் என்ற சவூதி அதிகாரி நாற்பது பேர் கொண்ட ஆயுதக் குழுவோடு லாரிகளில் வந்து ஹமாஸாவில் இறங்கினார். ஹமாஸாவின் ஷேக் அவரை வரவேற்றார்.

துர்கி அங்கே வந்து செய்ததுதான் உங்கள் கேள்வியின் மையம். அவர் சுடவில்லை. விருந்து வைத்தார். சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் உணவும் துணியும் பணமும் கொடுத்தார். வந்தவர்களிடம், நாங்கள் சவூதி மன்னரின் குடிகள் என்ற வாக்குமூலங்களை எழுதி வாங்கினார்.

மஸ்கட் சுல்தான் ஸோஹாரில் ஆயிரக்கணக்கில் குலத்தவரைத் திரட்டினார். ஓமன் உள்நாட்டு மலைக்குள் குலங்களின் தலைவராக இருந்த இமாமும் அந்த முறை சுல்தானுக்குத் துணை நின்றார். ஒருவரையொருவர் ஏற்காத இருவரை வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒன்றுசேர்த்துவிட்டார். புறப்பட இருந்த படையை, அமெரிக்காவின் பேச்சைக் கேட்டு பிரிட்டன் நிறுத்தச் சொன்னது. திரட்டிய மக்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்த தலைவனின் மதிப்பு அந்த நாட்டில் என்னவாகும் என்பதை லண்டனில் எடைபோட்டார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பேன். சுல்தான் அந்த அவமானத்தை மறக்கவில்லை.

1954 ஜூலையில் வழக்கை நடுவர் மன்றத்துக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்பு வரும்வரை இரு பக்கமும் தலா 15 காவலர்களை மட்டும் சோலையில் வைத்துக்கொள்ளலாம். இரு அரசுகளும் பெரும் ஆவணத் தொகுதிகளைத் தயாரித்தன. சவூதி தரப்புக்கு அராம்கோவின் ஆய்வுப் பிரிவில் இருந்த அரபு அறிஞர்கள் உழைத்தார்கள். பிரிட்டன் தன் பழைய இந்திய ஆவணங்களையெல்லாம் புரட்டியது. எந்தக் கிளைக் குலம் எந்தக் கிணற்றில் நீர் இறைக்கிறது, எந்த ஆண்டு யாரிடம் ஜகாத் கொடுத்தது, எத்தனை ஒட்டகத்துக்கு எவ்வளவு கொடுத்தது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தக் குலங்களைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியதில்லை. அவ்வளவும் எழுதப்பட்டது அவர்களுக்காக அல்ல என்பதுதான் என்னை உறுத்துகிறது. சாட்சியாக மட்டுமே அவர்கள் தேவைப்பட்டார்கள். வழக்கில் அவர்கள் ஒரு தரப்பு இல்லை.

1955 செப்டம்பரில் ஜெனீவாவில் மன்றம் கூடியபோது, சவூதி தரப்பு குலத்தலைவர்களுக்கு லஞ்சம் கொடுத்து விசுவாசத்தை மாற்றுகிறது என்று பிரிட்டன் குற்றம் சாட்டியது. ஷேக் சாயிதுக்கே பெருந்தொகை தருவதாகச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார் என்று சாட்சியம் வந்தது. நடுவர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்த யூசுஃப் யாசீன், சவூதியின் புரைமிக் கொள்கையையே நடத்திவந்த அதிகாரி. பிரிட்டிஷ் உறுப்பினர் சர் ரீடர் புல்லார்ட் பதவி விலக, மன்றம் சரிந்தது. 1955 அக்டோபர் 26 அன்று, பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இருந்த டுரூஷியல் ஓமன் படை, அதாவது கரையோர ஷேக் நாடுகளின் படை, சோலையைக் கைப்பற்றியது. அதே நாளில் பிரதமர் ஈடன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. விசுவாசம் விலைக்கு வாங்கப்பட்டதா?

அப்படிச் சொல்லிவிடுவது எளிது. நான் அதோடு உடன்படவில்லை. தலைவன் கொடுப்பதும், பெறுகிறவன் அவனைத் தலைவன் என்று ஏற்பதும் அந்தச் சமூகத்தின் பழைய முறை. கொடுக்காத தலைவன் தலைவனே அல்ல. பிரிட்டிஷாரும் ஷேக்குகளுக்கு மானியம் கொடுத்தே வந்தார்கள். எண்ணெய் நிறுவனங்கள் தேடும் உரிமைக்காக ஆண்டுப் பணம் கொடுத்தன. துர்கியின் விருந்தை லஞ்சம் என்றும் நிறுவனத்தின் பணத்தை வாடகை என்றும் பெயர் பிரிப்பது, யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. புரைமியில் புதிதாக வந்தது வேறு. முன்பு தலைவன் கொடுத்தது அவனுக்குக் கிடைத்த வரியிலிருந்தும் தோட்டத்திலிருந்தும்; அதற்கு ஓர் அளவு இருந்தது. இப்போது அளவே இல்லாத பணம். முன்பு பெற்றவன் ஐந்தாண்டு கழித்து மனம் மாற முடியும். இப்போது அவன் வைத்த கைநாட்டு, அவன் பேரன் காலத்துக்கும் அந்த மண் யாருடையது என்று பேசும் ஆவணம். ஒரு வேளை விருந்துக்கும் ஒரு தலைமுறையின் நிலத்துக்கும் ஒரே கையெழுத்து. அதன் பொருள் மாறிவிட்டதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஃபஹூத் கதை இதைவிட வேதனையானது.

ஓமன் அப்போது ஒரே ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. கடற்கரை சுல்தானிடம். மலைக்குப் பின்னால் உள்நாட்டில், இபாதி என்ற இஸ்லாமியப் பிரிவின் மரபுப்படி அறிஞர்களும் குலத்தலைவர்களும் தேர்ந்தெடுக்கும் இமாம். நிஸ்வா அவருடைய தலைநகர். இரண்டுக்கும் நடந்த போரை 1920 செப்டம்பரில் சீப் உடன்படிக்கை நிறுத்தியது. பேசி முடித்தவர் ரொனால்ட் விங்கேட், இந்திய அரசியல் பணியைச் சேர்ந்தவர். உள்நாட்டிலிருந்து வரும் சரக்குக்கு 5 சதவீதத்துக்கு மேல் வரி இல்லை. சுல்தான் அவர்களுடைய உள் விவகாரத்தில் தலையிட மாட்டார். அவர்கள் சுல்தானோடு அமைதி காப்பார்கள். இமாம் ஓர் ஆட்சியாளரா, வெறும் சமயத் தலைவரா என்பதை அந்த வாசகம் சொல்லாமல் விட்டது. தெளிவின்மையை நாம் குறையாகப் பார்க்கிறோம். அந்தத் தெளிவின்மைதான் முப்பத்து நான்கு ஆண்டுகள் அமைதி தந்தது.

எண்ணெய் ஒப்பந்தத்தில் அப்படி மங்கலாக எழுத முடியாது. 1937-இல் ஈராக் பெட்ரோலியம் கம்பெனியின் கிளை நிறுவனம் 75 ஆண்டு உரிமை பெற்றது. கையெழுத்திட்டவர் சுல்தான். அவர் ஆளாத உள்நாடும் அதில் அடக்கம். போய்த் தேடும் அளவுக்குப் பாதுகாப்பு இல்லாத இடங்கள் உண்டு என்பது இரு பக்கத்துக்கும் தெரியும். காத்திருந்தார்கள்.

பாலைவனத்தில் ஒரு குன்று. கீழிருந்து மேல் வளைந்த பாறை அடுக்குகள், நடுவே அரித்துப்போன பள்ளம். விமானத்திலிருந்து பார்த்த நிலவியலாளர்களுக்கு அது எண்ணெய் தேங்கக்கூடிய அமைப்பு என்று உடனே புரிந்தது. அதுதான் ஜபல் ஃபஹூத். அது துரூஉ குலத்தின் மேய்ச்சல் நிலத்தில் இருந்தது.

துரூஉ மக்கள் ஒட்டகம் வளர்ப்பவர்கள். ஆனால் அவர்களுக்கு இப்ரி ஊரை அடுத்த தனஅமில் பேரீச்சைத் தோட்டங்கள் உண்டு. கோடையில் அங்கே வந்து அறுவடை செய்வார்கள், இப்ரி சந்தையில் விற்பார்கள், வாங்குவார்கள். பாலைவனத்தில் அவர்களை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் இப்ரியைப் பிடித்தவன் கையில் அவர்களுடைய கோடைக்காலம் இருந்தது. பதுவீ என்ற பாலைவன நாடோடி யாருக்கும் அடங்காதவன் என்று எழுதுகிறவர்கள் இந்தச் சந்தையையும் தோட்டத்தையும் பார்க்கத் தவறுகிறார்கள்.

1954 பிப்ரவரியில், நிறுவனத்தின் செலவில் திரட்டிய மஸ்கட்–ஓமன் களப்படை அரபிக்கடல் ஓரம் துக்மில் கப்பலிலிருந்து இறங்கியது. சுல்தானின் கொடி, நிறுவனத்தின் சம்பளம், பிரிட்டிஷ் அதிகாரிகள். அதே ஆண்டு மே மாதம், எல்லோரும் மதித்த இமாம் முஹம்மத் அல்கலீலி காலமானார். காலிப் பின் அலி இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குப் பின்னால் அவர் தம்பி தாலிப் என்ற துடிப்பான மனிதர். அவருக்குப் பின்னால் சவூதி ஆதரவு. துரூஉ குலம் நிறுவனத்தோடு பேசுவதை அறிந்து, இமாமின் ஆட்கள் இப்ரியில் நிலைகொண்டார்கள். தோட்டமும் சந்தையும் அவர்கள் கையில். தங்கள் நிலத்தில் எண்ணெய் தேட வந்தவர்கள் தங்களுக்குத் துணை நிற்பார்கள் என்று துரூஉ தலைவர்களில் ஒரு பிரிவு கணக்குப் போட்டது. நிறுவனத்தின் சார்பில் பேசிய எட்வர்ட் ஹெண்டர்ஸன் அரபு மொழியும் பழக்கமும் அறிந்தவர். 1954 அக்டோபரில் அவர்கள் துணையோடு குழு ஃபஹூதை அடைந்தது. சில நாட்களில் களப்படை இப்ரிக்குள் நுழைந்தது.

துரூஉ மக்கள் நிறுவனத்துக்கு விலைபோனார்களா? என் பார்வையில், அவர்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய கணக்கைத்தான் போட்டார்கள்: பலமான புதியவனின் துணையால், அழுத்துகிற பழையவனிடமிருந்து தோட்டத்தை மீட்பது. கூட்டாளி இந்த முறை இன்னொரு குலம் இல்லை, ஒரு நிறுவனம் என்பதுதான் வேறுபாடு.

இப்ரி போனதும் சீப் உடன்படிக்கை செத்தது. இமாம் தன்னை அரசுத் தலைவராக அறிவித்து அரபு லீகில் சேர விண்ணப்பித்தார். 1955 அக்டோபரில் புரைமி, டிசம்பரில் நிஸ்வா. நிஸ்வாவில் சண்டை இல்லாமலே களப்படை நுழைந்தது. சலாலாவிலிருந்து பாலைவனம் கடந்து சுல்தான் லாரி வரிசையோடு வந்து சேர்ந்தார். 1957-இல் தாலிப் சவூதியில் பயிற்சி பெற்றவர்களோடு திரும்பிவந்தார். ஜபல் அக்தரின் தலைவர் சுலைமான் பின் ஹிம்யர் தன் பனீ ரியாம் குலத்தோடு அவர் பக்கம் சேர்ந்தார். பிரிட்டிஷ் விமானப்படை கோட்டைகள் மீதும், மலைமேல் இருந்த ஊர்கள் மீதும், ஃபலஜ்கள் மீதும் குண்டு போட்டது. மாதுளையும் திராட்சையும் விளைந்த படிக்கட்டு வயல்கள் அவை. 1959 ஜனவரியில் சிறப்புப் படையினர் இரவோடு இரவாக மலையேறியதும் போர் முடிந்தது. இமாம் நாடு கடந்து போனார்.

இவ்வளவுக்கும் காரணமான குன்றில் என்ன கிடைத்தது?

1956 ஜனவரியில் ஃபஹூதில் முதல் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். ஓராண்டுக்கு மேல் தோண்டினார்கள். வறண்ட கிணறு. 1957-இல் கைவிட்டார்கள். வேறு சில இடங்களிலும் எதுவும் கிடைக்கவில்லை. 1960-இல் பங்குதாரர்களில் பெரும்பாலோர் விலக, ஷெல்லும் பார்டெக்ஸும் மட்டும் தங்கின. 1962-இல் யிபாலில் எண்ணெய் கிடைத்தது, 1963-இல் நதீஹில். 1964-இல் ஃபஹூதுக்கே திரும்பி வந்து தோண்டினார்கள். பெரிய வயல் கிடைத்தது. முதல் கிணறு பாறைப் பிளவின் தவறான பக்கத்தில் இறங்கியிருந்தது. சில நூறு மீட்டர் தள்ளித் தோண்டியிருந்தால் 1957-லேயே கிடைத்திருக்கும். 1967 ஜூலை இறுதியில் ஓமனின் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. புரைமிச் சோலையின் அடியிலோ பெரிய எண்ணெய் வயல் எதுவும் கிடைக்கவே இல்லை.

எண்ணெய் இல்லாவிட்டால் சண்டையே வந்திருக்காதா என்று கேட்டீர்கள். சண்டைகள் இருந்திருக்கும். சவூதிப் படை 1800-இல் புரைமிக்கு வந்தபோது எண்ணெய் பற்றி யாருக்கும் தெரியாது. இமாமும் சுல்தானும் அதற்கு முன்பிருந்தே மோதியவர்கள். ஆனால் அந்தச் சண்டைகள் முடிந்தபின் பழைய மங்கல் திரும்ப வந்துவிடும். தோற்றவனுக்கும் கிணற்றில் பங்கு இருக்கும். நிறுவனத்துக்கு அந்த மங்கல் உதவாது. யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், யாருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது தெரிந்தாக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் அழகான சான்று உண்டு. 1950-களில் ஜூலியன் வாக்கர் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி, கரையோர ஷேக்குகளின் நிலம் எது எது என்று கண்டறிய அனுப்பப்பட்டார். அதுவும் எண்ணெய் உரிமை தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான். அவர் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய், முதியவர்களை உட்காரவைத்து, நீங்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டு எழுதினார். இன்றைய ஐக்கிய அரபு அமீரக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஷார்ஜாவின் துண்டு இங்கே, அஜ்மானின் துண்டு அங்கே. அமீரகத்துக்கு நடுவே மத்ஹா என்ற ஊர் ஓமனுடையது. அந்த மத்ஹாவுக்குள்ளே நஹ்வா என்ற சிற்றூர் ஷார்ஜாவுடையது. அந்த உள் எல்லைகளில் நேர்கோட்டைக் காண்பது அரிது. விசுவாசத்தை அப்படியே மண்ணில் இறக்கி உறையவைத்தால் வரைபடம் இப்படித்தான் வரும். உகைரின் பென்சில் கோட்டையும் மத்ஹாவின் வளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

புரைமி வழக்கு 1974-இல் ஜெத்தாவில் முடிந்தது. சோலையின் மீதான உரிமைக் கோரிக்கையை சவூதி விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு, கத்தாரை ஒட்டிக் கடலுக்குப் போகும் நிலத்துண்டும் மணற்குன்றுகளுக்கு நடுவே இருந்த ஷைபா எண்ணெய் வயலும் சவூதிக்குக் கிடைத்தன. லீவா சோலையிலிருந்து மழையின் பின்னால் அந்த மணலுக்குள் ஒட்டகம் ஓட்டிய மனாஸிர் குலத்தார் அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லை.

நான் அல் ஐனில் வேலை பார்த்த 1990-களின் இறுதியில், வெள்ளிக்கிழமைகளில் புரைமிக்கு நடந்தே போவேன். ஒரு தெரு முடிந்து அடுத்த தெரு தொடங்கும். காவலர் இல்லை, கம்பி இல்லை. கடைப் பலகையில் திர்ஹம் ரியாலாக மாறும்போதுதான் வேறு நாட்டுக்கு வந்துவிட்டது தெரியும். பேரீச்சைத் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் ஒருமுறை, நீங்கள் எந்த நாடு என்று கேட்டேன். "நான் நயீமி" என்றார். பிறகு அந்த இடத்தில் உயரமான கம்பிவேலி வந்தது, கடவுச்சீட்டு பார்க்கும் சாவடி வந்தது. வேலியின் இரு பக்கமும் இன்று நயீமிகள் இருக்கிறார்கள். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் சாவடியில் வரிசையில் நின்று போய்வருகிறார்கள்.